மார்ச் 3-ஆ, மே 24-ஆ?

அன்புள்ள ஐயா,

பல்கேரியாவில், சோஃபியா நகரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மார்ச் 1 அன்று அலுவலகத்தில் என் கையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நூலைக் கட்டிவிட்டார்கள். அப்படியே நம் காப்புக் கயிறு. ஜூனில் ஒரு கிராமத்தில் தீ மிதிப்பார்களாம். இதெல்லாம் நம்மிடமிருந்து போனதுதானே? இன்னொன்று: மார்ச் 3 தேசிய தினம் பற்றிச் சாப்பாட்டு மேசையில் சண்டையே வந்துவிட்டது. சொந்த விடுதலை நாளுக்கே சண்டை போடும் இவர்களுக்கு நாட்டுப்பற்று குறைவா? மே மாதம் மனைவியும் மகளும் வருகிறார்கள். எந்த விழாவைக் காட்டலாம்?

ர.

அன்புள்ள ர.,

நூல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதன் பெயர் மார்த்தெனித்சா. செங்கால் நாரையோ பூத்த மரமோ கண்ணில் படும்வரை கையில் இருக்கும், அப்புறம் ஒரு மரக்கிளையில் கட்டிவிடுவார்கள். பக்கத்து ருமேனியாவிலும் மால்டோவாவிலும் இந்த வழக்கம் உண்டு. அன்பாகக் கட்டினார்கள், கட்டிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். அதில் ஆராய்ச்சி வேண்டாம்.

தீமிதிக்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். ஸ்திராஞ்சா மலையில் புல்காரி என்ற கிராமத்தில் ஜூன் 3 அன்று, புனித கான்ஸ்டன்டைன், ஹெலனா படங்களைக் கையில் ஏந்தி, முரசும் தோல்பையில் காற்றடைத்து ஊதும் வாத்தியமும் முழங்கத் தணலில் ஆடுகிறார்கள். திருச்சபை அதை ஒருபோதும் விரும்பியதில்லை, ஆனாலும் ஊர்க்காரர்கள் விடவில்லை. அதே மலையில் கோஸ்தி என்ற ஊரில் இருந்த கிரேக்கர்கள் பால்கன் போர்களுக்குப் பிறகு ஊரைவிட்டுப் போக நேர்ந்தபோது அந்தப் படங்களையும் தூக்கிக்கொண்டு போய், இன்றைக்கும் வடகிரேக்கத்தில் தீயில் இறங்குகிறார்கள். அகதியாகப் போகும்போது ஒருவன் எதையெல்லாம் விட்டுவிட்டு எதை எடுத்துப் போகிறான் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் வந்து ‘நம்மிடமிருந்து போனதுதானே’ என்று கேட்கிறீர்களே, உங்களுக்கே கூச்சமாக இல்லையா? ஊர் பார்க்கப் போனவர் ஊரைப் பாருங்கள் ஐயா.

சரி, மார்ச் 3. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், கொஞ்ச நாளாகவே தேசிய நாள் என்பது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 1878இல் அந்தத் தேதியில் இஸ்தான்புல் அருகே சான் ஸ்தெஃபானோவில் ரஷ்யாவும், அதுவரை பல்கேரியாவை ஆண்ட உதுமானியப் பேரரசும் தங்கள் போரை முடித்து ஓர் ஒப்பந்தம் போட்டன. அதில் பல்கேரியர் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. மாசிடோனியாவின் பெரும்பகுதியும் சேர்ந்த ஒரு பெரிய பல்கேரியாவை அந்தக் காகிதம் வரைந்தது, ஜூலையில் பெர்லினில் வல்லரசுகள் கூடி அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டன. அப்படியென்றால் கொண்டாடுவது எதை? நாலு மாதம் காகிதத்தில் மட்டும் இருந்த ஒரு நாட்டையா? ரஷ்யாவுக்கான நன்றியையா? 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் சூடாகிவிட்டது. அந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய போரில் ரஷ்ய ஜார் மன்னரின் படையில் உக்ரைனியரும் பின்லாந்துக்காரரும் இருந்தார்கள், ப்ளெவென் முற்றுகையில் ருமேனியப் படை செத்து மடிந்தது, ஷிப்கா கணவாயில் பல்கேரியத் தொண்டர்களும் நின்று சண்டை போட்டார்கள் என்றெல்லாம் ஒரு தரப்பு சொல்லும். உங்கள் அலுவலகத்திலும் அதுதான் நடந்திருக்கும். சண்டை போடுகிறவனுக்குப் பற்று குறைவு என்று யார் சொன்னது? எனக்குப் பயம் சண்டையே வராத வீட்டைக் கண்டால்தான்.

உங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயது தாண்டியவரைக் கேட்டுப் பாருங்கள், சின்ன வயதில் அவருடைய தேசிய நாள் செப்டம்பர் 9, கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த நாள். 1990இல் அதை எடுத்துவிட்டு மார்ச் 3-ஐ வைத்தார்கள். 2023இல் அதையும் மாற்றி மே 24 ஆக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது, பிறகு கைவிட்டார்கள். கைவிட்டதே நல்லது என்பேன். மே 24 எழுத்துக்கான நாள், ஸ்லாவிய மொழிக்கு எழுத்து அமைத்துத் தந்த சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு துறவிகளின் நாள். 1851இல் ப்லோவ்திவ் நகரத்துப் பள்ளி ஒன்றில், நைதென் கேரோவ் என்ற ஆசிரியரின் முயற்சியில் தொடங்கியது. அப்போது அவர்களுக்கு நாடு கிடையாது, கொடி கிடையாது, தனித் திருச்சபைகூட 1870இல்தான். வாத்தியார்களும் பிள்ளைகளும் சேர்ந்து கொண்டாடிய விழா அது, நாடு வந்து சேர்ந்ததே அதற்கு 27 வருடம் கழித்து! ஆட்சி மாறும்போதெல்லாம் தேசிய தினங்கள் போய்வந்தன, இது போகவே இல்லை. அதன் தலையில் பீரங்கியும் அணிவகுப்பும் எதற்கு?

சில வருடங்களுக்கு முன் ஜூன் 2 அன்று வெலிகோ தர்னோவோ சந்தையில் செர்ரி வாங்கிக்கொண்டிருந்தேன். மதியம் பன்னிரண்டுக்குச் சைரன் ஊதியது. எடை போட்டுக்கொண்டிருந்த அம்மா தராசை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றுவிட்டார். சந்தையே நின்றது, ஓடிக்கொண்டிருந்த பேருந்தும்கூட. 1876இல் உதுமானிய ஆட்சியை எதிர்த்துப் போரிட, தோட்டக்காரர்கள் வேடத்தில் ஆட்களோடு கப்பலேறி டான்யூப் ஆற்றைக் கடந்து வந்து 28 வயதில் செத்துப்போன ஹ்ரிஸ்தோ போதெவ் என்ற கவிஞனுக்காக, அவனைப் போலச் செத்த எல்லாருக்காகவும். அன்று விடுமுறைகூட இல்லை. சைரன் நின்றதும் அந்த அம்மா மிச்சச் செர்ரியை அள்ளிப் போட்டு, காசை எண்ணி வாங்கிக்கொண்டார். நாட்டுப்பற்றை அளக்கப் புறப்பட்ட நீங்கள் இதைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

குடும்பத்தோடு எங்கே போவது என்றுதானே கேட்டீர்கள். மே 24 காலையில் சோஃபியா தேசிய நூலகத்தின் முன்னால் இருக்கும் சிரில், மெத்தோடியஸ் சிலைக்கு மகளைக் கூட்டிப்போங்கள், பிள்ளைகளும் ஆசிரியர்களும் பூவோடு வருவார்கள். மே 6-க்கு முன்பே வந்துவிட்டால் இன்னும் நல்லது. அன்று புனித ஜார்ஜ் நாள், கியோர்கி, கெர்கானா என்று பெயர் வைத்த எல்லாருக்கும் பெயர்நாள், உங்கள் அலுவலகத்தில் இரண்டு பேராவது இருப்பார்கள். பெயர்நாளுக்கு அழைப்பு எதிர்பார்க்கக் கூடாது, நாமாகவே போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஆட்டுக்குட்டிக் கறி இருக்கும், சைவமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூ வாங்கும்போது எண்ணி ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படையில் கொடுப்பது அங்கே சாவு வீட்டுக்கு.