அரசு மனநலப் பிரிவில் உளவியலாளருக்கு என்ன வேலை?

எம்.ஏ. உளவியல் முடித்தவர் மதுரைப் பக்கம் அரசு மனநலப் பிரிவில் சேரலாமா, அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எம்.ஏ. மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு வேண்டும். பல வருடங்களாக அதற்கு வழி 2 வருட எம்.ஃபில். இப்போது படிப்புகள் மாறி வருகின்றன, கவுன்சில் அங்கீகாரம் பார்த்துச் சேருங்கள். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர்தான்.

சரி, வேலை. காலை நேரம் பெரும்பாலும் சோதனைகளிலேயே போய்விடும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக உசிலம்பட்டி, மேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பிள்ளையோடு வருவார்கள். அறிவுத்திறன் பார்க்கும் ஒரு சோதனையில் மரப்பலகையில் 10 குழிகள், அவற்றுக்கு 10 கட்டைகள். பையன் நட்சத்திரக் கட்டையை வட்டக் குழியில் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பான். எடுத்துச் சரியாக வைத்துவிட அம்மாவின் கை துடிக்கும். அந்தக் கையையும் நான் பார்ப்பேன். வீட்டில் சட்டைப் பொத்தான் போடுவதுகூட அந்தக் கைதானா என்று அப்புறம் மெதுவாகக் கேட்பேன். மதிப்பெண்ணைவிட அந்தப் பதில்தான் பயிற்சிக்கு உதவும்.

பாதிப்பேர் உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் போய்விட்டுத்தான் வருவார்கள். அவர்களைத் திட்டக்கூடாது. சாமி கும்பிடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்பேன். மனநோய் தீரும் என்று நம்பி ஏர்வாடி தர்காவுக்கு ஆட்களைக் கூட்டிப்போவார்கள்; 2001இல் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். இந்த வேலைக்கு வருபவர் அதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.