சராசரி கேட்டால் ‘இன்ஃப்’ வருகிறதே?

கோத்தகிரி வாசகர் ஒருவரின் கேள்வி: “எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் தினமும் வந்த பச்சைத் தேயிலை ஒரு நம்பை அரே (பைத்தானின் நம்பை நூலகத்தில் உள்ள எண் வரிசை), அன்று தயாரான தூள் இன்னொரு அரே. ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ இலை என்று நாள்வாரியாக வகுத்துச் சராசரி எடுத்தால் ‘இன்ஃப்’ என்கிறது. ஐஸ்நேன் போட்டு வடிகட்டியும் போகவில்லை.”

போகாது. நேன் (‘எண் அல்ல’ என்ற குறி) வேறு, இன்ஃப் வேறு. ஐஸ்நேன் நேனை மட்டும்தான் காட்டும். விடுமுறை நாளில் இலையும் பூஜ்யம், தூளும் பூஜ்யம், வகுத்தால் நேன். இலை வந்து இறங்கியும் கரண்ட் போனதால் மெஷின் ஓடாத நாளில், வந்த இலையைப் பூஜ்யத்தால் வகுக்கிறீர்கள். அது இன்ஃப், அதாவது முடிவிலி. வெறும் பைத்தான் எண்ணாக இருந்தால் பிழை காட்டி அங்கேயே நின்றிருக்கும். நம்பை ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு மேலே போய்விடும். அந்த எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்! கணினியில் தசம எண்களைக் கையாள 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரப்படி முடிவிலியும் ஒரு மதிப்புதான். வருடத்தில் ஒரே ஒரு நாள் அப்படி இருந்தாலும் மொத்தச் சராசரியும் போச்சு.

ஐஸ்இன்ஃப் முடிவிலியை மட்டும் காட்டும். ஐஸ்ஃபைனைட் போட்டால் நேன், இன்ஃப், மைனஸ் இன்ஃப் மூன்றும் ஒரேயடியாக விலகும். நான் பயன்படுத்துவது அதைத்தான். பாண்டாஸ் என்ற அட்டவணை நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: விடுபட்ட மதிப்புகளை நீக்கும் டிராப்என்ஏ இன்ஃபைத் தொடாது, முதலில் அதை நேனாக மாற்ற வேண்டும். நேனையும் இன்ஃபையும் சாதாரண எண்ணாக மாற்றும் நேன்டுநம் பக்கம் மட்டும் போகாதீர்கள். சும்மா விட்டால் அது முடிவிலி இருந்த இடத்தில் சுமார் 1.8 பெருக்கல் 10-இன் 308-ஆம் அடுக்கு என்று ஓர் எண்ணை வைத்துவிடும். அதற்கு இன்ஃபே தேவலை, பார்த்தவுடன் தப்பு என்றாவது தெரியும்.

சரி, வடிகட்டியாயிற்று. அதோடு விடாமல், ஐஸ்இன்ஃப் தந்த விடையை, ‘ஆம்’ வந்த இடங்களின் எண்களைத் தரும் ஃபிளாட்நான்ஜீரோவுக்குக் கொடுத்து எந்தெந்த நாள் என்று பாருங்கள். மெஷின் ஓடாத அன்றைய இலை மறுநாள்தான் தூளாகியிருக்கும். அந்த நாளைத் தூக்கிவிட்டால் இலை கணக்கிலிருந்து போய்விடும், தூள் மட்டும் மறுநாள் கணக்கில் நிற்கும். குறைந்த இலையில் நிறையத் தூள் எடுத்தது போல ஒரு பொய்க் கணக்கு!

அதனால் நாள்வாரியாக வகுக்காமல், மாதத்தின் மொத்த இலையை மொத்தத் தூளால் வகுங்கள். நாலு, நாலரையை ஒட்டி வந்தால் சரி. அப்போதும் இன்ஃப் வந்தால் கோளாறு நம்பையில் இல்லை. அந்த மாதம் முழுக்க மெஷினே ஓடவில்லை.