காவல்காட்டில் ஒரு வாரம்: வாசகர் கேள்வி பதில்

சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமங்களில் காட்டுப் பராமரிப்புக்குத் தன்னார்வலராகப் போக விரும்பும் வாசகர்கள் கேட்டவை இவை. கோட்டையைச் சுற்றிப் பகைவரைத் தடுக்க வளர்த்த காட்டைக் காவற்காடு என்பார்கள். இங்கே பகை பனியும் பாறையும். பெயர் பொருந்துவதால் அதையே எடுத்துக்கொண்டோம்.

கே: ஊருக்கு மேலே இருக்கும் மரங்கள் பனிச்சரிவை எப்படி நிறுத்துகின்றன?

ப: நிறுத்துவதில்லை. காட்டுக்கு மேலே மொட்டைச் சரிவில் கிளம்பி வேகம் பிடித்த பனிச்சரிவு, காட்டையும் பிடுங்கிக்கொண்டுதான் இறங்கும். பனிச்சரிவு கிளம்பவே விடாமல் செய்வதுதான் மரங்களின் வேலை. திறந்த சரிவில் பனி அடுக்கடுக்காகப் படியும். நடுவில் ஓர் அடுக்கு பலமிழந்தால் மேலே உள்ளது பெரிய பலகைபோல மொத்தமாக வழுக்கும். காட்டுக்குள் அப்படிச் சீராகப் படிய வழியில்லை. ஒரு பங்கு கிளையிலேயே தங்கி ஆவியாகிறது. மீதி கட்டிகட்டியாக விழுந்து கீழே இருக்கும் அடுக்குகளைக் குலைத்துவிடுகிறது. குளிர்காலத்திலும் ஊசியிலையோடு நிற்கும் ஸ்ப்ரூஸ் இதற்குக் கெட்டிக்கார மரம். இலையுதிர்க்கும் லார்ச் அந்த அளவுக்கு உதவாது.

கே: காவலுக்கு நிற்கும் காட்டில் தன்னார்வலர்களை வைத்தே மரம் வெட்டுகிறார்களாமே? முரணாக இல்லையா?

ப: ஆண்டர்மாட் ஊருக்கு மேலே உள்ள காட்டை வெட்டக் கூடாது என்று 1397லேயே ஊரார் எழுத்தில் தடை போட்டார்கள். காட்டின் பரப்பைக் குறைக்கக் கூடாது என்று 1876ல் கூட்டாட்சிச் சட்டமும் வந்தது. வெட்டாமல் காத்தது சரி. ஆனால் தொடவே தொடாத காட்டில் எல்லா மரங்களும் ஏறக்குறைய ஒரே வயதில் கிழடாகும். நெருக்கத்தில் தரைக்கு வெளிச்சம் வராது, கன்று முளைக்காது. பிறகு ஒரு புயலோ பட்டை வண்டோ வந்தால் மொத்தமாகப் போகும். 1990 பிப்ரவரியில் விவியன் புயல் செய்தது அதுதான். எனவே வேண்டுமென்றே சிறு திறப்புகள் வெட்டி, கீழே அடுத்த தலைமுறையை வரவைக்கிறார்கள்.

திறப்பு எவ்வளவு பெரியது என்பதில்தான் சூட்சுமம். சரிவு 30 பாகை என்றால் மேலிருந்து கீழாக 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 35 பாகைக்கு 50, 40க்கு 40, 45க்கு 30. அதைவிட நீண்டால் அகலம் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தத் திறப்பிலேயே பனி கிளம்பிவிடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே சாய்ந்த ஒடுக்கமான பிளவாக வெட்டுவது வழக்கம்; வெயிலும் விழும், பனியும் ஓடாது.

இதில் செயின்சா பிடிப்பவர்கள் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள். கிளை ஒதுக்குவது, பட்டை உரிப்பது, பாதை போடுவது உங்கள் பங்கு.

கே: வெட்டிய மரத்தை எடுக்காமல் மக்கவிடுகிறார்கள். வீண்தானே?

ப: இல்லை. குறுக்கே கிடக்கும் மரம் உருளும் கல்லைத் தாங்கும், பனியைப் பிடிக்கும். அடிமரத்தையும் ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக விட்டு அறுப்பது இதற்காகத்தான். கிடத்தும்போது சரிவுக்கு நேர்குறுக்காகக் கிடத்தாமல் சற்றே சாய்க்க வேண்டும். நேர்குறுக்காகக் கிடந்தால் பின்னால் கல் குவிந்து, மரம் மக்கும் நாளில் குவிந்ததெல்லாம் சேர்ந்து இறங்கும்.

ஸ்ப்ரூஸ் என்றால் பட்டையை உரித்தாக வேண்டும். பட்டைக்கு அடியில் வண்டு வெள்ளைப் புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ இருக்கும்போது உரித்தால் காய்ந்து சாகும். பழுப்பு நிறத்துக்கு முற்றிய பின் உரித்தால் பறந்துபோய் அடுத்த மரத்தில் உட்காரும். வண்டு எப்போதோ வெளியேறிவிட்ட பட்ட மரத்தை உரிப்பது வெட்டி வேலை, மரங்கொத்திக்கு விட்டுவிடுங்கள்.

கே: மலைச்சரிவில் நட்ட கன்றுகளில் பாதி இரண்டு வருடத்தில் பட்டுவிட்டன. தண்ணீர்க் குறையா?

ப: பெரும்பாலும் இடக் குறை. புதியவர்கள் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கிறதே என்று பள்ளத்தில் நடுவார்கள். பள்ளத்தில்தான் பனி கடைசியாக உருகும். உருகும் பனிக்கு அடியில் கறுப்புப் பூஞ்சணம் ஊசியிலைகளை நூல்போலச் சுற்றிக் கொல்லும். மேட்டிலும், பழைய அடிமரத்தின் ஓரத்திலும், வசந்தத்தில் முதலில் பனி விலகும் இடத்திலும் நடுங்கள். நாற்றைக் கையில் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் சரிவைச் சும்மா பார்ப்பது நல்லது.

களைக்கொத்தால் புல்லைத் தரையோடு சீவுங்கள். விட்டால் கோடையில் மூடும், குளிர்காலத்தில் பனியோடு சாய்ந்து கன்றை அமுக்கும். வேரின் நீளத்தைவிடச் சற்று ஆழமாகக் குழி எடுங்கள். குழி ஆழம் போதாமல் வேர் மேல்நோக்கி மடங்கினால் சில வருடம் பச்சையாக நின்று பிறகு சாகும். இதை யாரும் கவனிப்பதில்லை. வேர் காற்றில் ஒரு நிமிடம்கூடக் காயக் கூடாது. நாற்றுகள் ஈரச்சாக்கிலேயே இருக்கட்டும். வேரும் தண்டும் சேரும் வேர்க்கழுத்து தரைமட்டத்தில் வரும்படி மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, மெல்ல இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

மலையில் மரம் வளரும் உயரம் முடியும் காட்டெல்லைக்கு அருகில் வரிசையாக நடாதீர்கள். சின்னச் சின்னக் கூட்டமாக, கூட்டத்துக்குள் ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நட்டு, கூட்டங்களுக்கு நடுவே நிறைய இடம் விடுங்கள். ஒன்றுக்கொன்று பனியைத் தாங்கிக்கொள்ளும். பனி மெல்ல ஊர்ந்து கன்றைப் பெயர்க்கும் சரிவானால் மேல்பக்கம் முக்காலிபோல் மரச்சட்டம் அடிப்பார்கள்.

இவ்வளவு செய்தும் மான் வந்தால் கதை முடிந்தது. வெள்ளி ஃபிர், ரோவன் மரக்கன்றுகள் அவற்றுக்குப் பலகாரம். நுனிமொட்டை வருடாவருடம் கடித்தால் மரம் முழங்கால் உயரத்திலேயே நிற்கும். வேலி போடலாம், பனி அதை உடைக்கும், ஆண்டுதோறும் சரிபார்க்க ஆள் வேண்டும். கன்றுக்குத் தனித்தனிக் காப்பு போடலாம். வளர்ந்தபின் கழற்ற ஆள் வேண்டும். வேட்டையால் மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்காத பள்ளத்தாக்கில் நடுவதே வீண் என்பது எங்கள் எண்ணம்.

கே: அனுபவமே இல்லாதவர் போகலாமா? என்ன எடுத்துப்போக வேண்டும்?

ப: போகலாம். 1987 முதல் இயங்கும் பெர்க்வால்ட்ப்ரொயெக்ட் அமைப்பின் வார முகாம்களுக்கு முன்னனுபவம் கேட்பதில்லை. தங்குமிடமும் சாப்பாடும் அவர்களுடையது, பயணச்செலவு உங்களுடையது. கணுக்கால் மூடிய, அடிப்பாகம் ஆழமாக வெட்டப்பட்ட மலைப்பூட்ஸ் அவசியம். ஓட்டப்பயிற்சிக் காலணியோடு வந்தால் ஈரப் புல்லில் முதல் மணி நேரத்திலேயே சறுக்குவீர்கள். வேலைக்கையுறை, முழுக்கால்சட்டை, மழைச்சட்டை வேண்டும். உண்ணி மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி முன்பே மருத்துவரைக் கேளுங்கள். மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: ஆபத்து எது அதிகம்?

ப: மேலே வேலை செய்பவரின் காலில் இடறி உருளும் கல். ஒருவருக்கு நேர்கீழே இன்னொருவர் நிற்கவே கூடாது. எல்லோரும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் நகர வேண்டும். கல் உருண்டால் உடனே "ஷ்டைன்!" (ஜெர்மனில் ‘கல்’) என்று கத்துங்கள், யாரும் இல்லை என்று தோன்றினாலும். மரம் சாய்க்கும் இடத்திலிருந்து குறைந்தது இரண்டு மரநீளம் தள்ளி நில்லுங்கள். கீழ்ச்சரிவிலோ எந்தத் தூரமும் போதாது, இடமே காலியாக இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் மீட்புக்கு, ரேகா (Rega) என்ற சுவிஸ் வான்மீட்பு அமைப்பின் எண் 1414. காலையில் மலையேறும் முன்பே, எந்த இடத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கிறது என்று குழுத்தலைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.