கரையான் தின்ற பக்கங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

போன வருசம் கிளிநொச்சியில் வாசிப்புக் கூட்டம் முடிந்தபோது உங்கள் பையிலிருந்து எடுத்துத் தந்த புத்தகத்தை இப்போதுதான் முடித்தேன். பெற்றி சிமித் எழுதிய அமெரிக்க நாவல், ‘எ ட்றீ குறோஸ் இன் புரூக்ளின்’ (புரூக்ளினில் ஒரு மரம் வளர்கிறது). அகராதியும் கையுமாக ஐந்து மாதம். நான் வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். வீட்டுக்கு வரும் இரவு பஸ்ஸில்தான் அதிகம் வாசித்தது.

அக்கா, எனக்கு அந்தத் தாயில் கோபம். படிக்க ஆசைப்பட்ட மகளை வேலைக்கு விட்டுவிட்டு, படிக்க விருப்பமில்லாத மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. 2022 இல் நான் ஓஎல்லோடு (சாதாரணதரம்) நின்றேன். தம்பி இப்போது ஏஎல் (உயர்தரம்) படிக்கிறான். இதை வைத்து ஒரு சிறுகதை எழுதிப் போட்டிக்கு அனுப்பினேன். “இன்னும் எத்தனை நாளைக்குத் தறப்பாள் கொட்டிலையும் இடப்பெயர்வையும் எழுதப் போறீங்கள், அழகான விசயம் ஏதாவது எழுதலாமே” என்றார் ஒரு நடுவர். நியூயோர்க் மாதிரி ஒரு பட்டினம் இருந்தால்தான் இப்படி நாவல் வரும், வன்னியில் காடும் குளமும்தானே என்கிறாள் என் சிநேகிதி. கதையை இத்துடன் அனுப்புகிறேன். வாசித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் பிரதியில், அந்த மகள் பிரான்சி எட்டாம் வகுப்பு முடிக்கிற இடத்தில் சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதில் என்ன இருந்தது?

பெயர் வேண்டாம்,
விசுவமடு.

*

அன்புள்ள தங்கச்சி,

கரையானுக்காக முதலில் மன்னிப்பு. அந்தப் பக்கங்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

புத்தகத்தை வாசிக்காதவர்களுக்காக இரண்டு வரி. கதை 1912 இல் தொடங்குகிறது. நியூயோர்க்கின் புரூக்ளினில் வில்லியம்ஸ்பேர்க் என்ற பகுதி, குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் கட்டடங்கள். பிரான்சிக்கு 11 வயது. அப்பா ஜோனி பாட்டுப் பாடிக்கொண்டு பரிமாறும் வேலைக்காரர், நல்ல மனுசன், குடிகாரன். அம்மா கேற்றி கட்டடத்தின் படிகளைக் கழுவித் துடைத்து வாடகையைக் கழிக்கிறாள். தம்பி நீலி. 1943 இல் புத்தகம் வந்தது. உலகப்போர்க் காலம் என்பதால் சட்டைப்பையில் வைக்கும் அளவில் அச்சடித்துப் படையினருக்கும் அனுப்பினார்கள். அவர்களிடமிருந்து பெற்றி சிமித்துக்குக் கடிதங்கள் குவிந்தன. போர்முனையில் இருக்கிறவனுக்கு ஒரு சேரிச் சிறுமியின் கதை என்னத்துக்கு என்று கேட்கலாம். வன்னியில் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

சரி, உங்கள் நடுவர். அவர் புதிய ஆள் இல்லை, இந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறார். அப்பா செத்த பிறகு பிரான்சி பூவையும் பறவையையும் விட்டுவிட்டு, குடியையும் பசியையும் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். ஆங்கில ஆசிரியை அவற்றை அசிங்கம் என்கிறாள், எழுத்து அழகைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்கிறாள், எரித்துவிடச் சொல்கிறாள். பிரான்சி வீட்டுக்கு வந்து எரிக்கிறாள். ஆனால் எதை? அழகாக எழுதிப் பாராட்டு வாங்கிய பழைய கட்டுரைகளை. இந்த இடத்தை நீங்கள் எப்படித் தாண்டிப் போனீர்கள் என்று தெரியவில்லை. பஸ்ஸில் தூங்கியிருப்பீர்கள்.

ஆனாலும் நடுவரை முழுக்கத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கதையை இரண்டு தரம் வாசித்தேன். ‘வறுமை’ என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. “வறுமை எங்களை வாட்டியது” என்று ஒரு பந்தியே தொடங்குகிறது. ஒரு இடத்திலாவது ஒரு விலை இருக்கிறதா? தேங்காய் என்ன விலை, பஸ்ஸுக்கு எவ்வளவு, கடையில் உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு? ஒன்றும் இல்லை. தறப்பாள் வருகிறது, ஆனால் அது வாசிப்பவரை அழச் சொல்லும் சைகையாக மட்டும் வருகிறது. மத்தியான வெயிலில் தறப்பாளுக்குக் கீழே என்ன மணம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். எழுதவில்லை.

பெற்றி சிமித்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். முதல் அத்தியாயமே சனிக்கிழமைக் கணக்கு. பிரான்சியும் நீலியும் கிழமை முழுக்கப் பொறுக்கிய கந்தல், கடதாசி, தகரம் எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்குகிறவனிடம் கொண்டுபோகிறார்கள். அவன் சிறுமிகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஒரு சதம் கூடக் கொடுப்பான். கிடைத்ததில் பாதி வீட்டு உண்டியலுக்கு. பழைய பாண் எங்கே மலிவு, இறைச்சிக் கடையில் எதை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்று கேற்றி பாடம் நடத்துவது போலச் சொல்லி அனுப்புகிறாள். அந்தக் குடும்பம் ஏழை என்று ஆசிரியர் அழுத்தத் தேவையே இல்லை. சதத்தை எண்ணி முடிக்கும்போது எங்களுக்கே தெரிந்துவிடுகிறது.

பழைய சாமான் என்றதும் உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லையா? மீள்குடியேறிய வருசங்களில் எங்கள் பிள்ளைகள் செய்தது இதுதானே. பழைய இரும்பு வாங்குகிற சைக்கிள்காரன் வருவான் என்று வளவெல்லாம் கிண்டித் தகரம், வாளிக் கைபிடி, ட்ரக்டர்த் துண்டு சேர்த்தார்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட மிதிவெடிக் கயிற்றுக்கு அங்கால் நல்ல இரும்பு கிடக்கும். அங்கே போகாதே என்று தாய் கத்துவாள். வில்லியம்ஸ்பேர்க்குக்கும் விசுவமடுவுக்கும் வித்தியாசம் அந்தக் கயிறுதான். இதை இதுவரை ஒருவரும் ஒழுங்காக எழுதவில்லை. எனக்கு வயது போய்விட்டது, நான் இரும்பு பொறுக்கிய தலைமுறை இல்லை. நீங்கள்தான் அது.

இனிப் பட்டினம். உங்கள் சிநேகிதி மல்லாவியைப் பார்த்திருக்கமாட்டா. 1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று நின்று நின்று நாங்கள் மல்லாவிக்கு வந்தோம். எனக்கு அப்போது 13 வயது. யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வந்தவர்கள், பரந்தனிலிருந்து வந்தவர்கள், ஊர்க்காரர் எல்லாரும் ஒரே றோட்டில். கிடுகுக் கொட்டிலில் நகைக்கடை, கிடுகுக் கொட்டிலில் பல் டொக்டர், கிடுகுக் கொட்டிலில் ரியூசன். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ செய்தி சொல்லும். அவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடும், புகையில் ஆள் தெரியாது. யாழ்ப்பாணத்தில் சவுக்காரம் இல்லாத நாட்களில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்ததையும், கொடியில் காய்ந்த சட்டையை மாடு சப்பியதையும் வலிகாமத்து மாமிமார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். முன்பின் தெரியாத சனம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, இன்றைக்கு என்ன விலை என்று கேட்டுக்கொண்டு நடந்தால் அது பட்டினம். என் கண்ணுக்கு மல்லாவி நியூயோர்க்தான். அப்புறம் 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்த முகாம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம், ராமநாதன், அருணாசலம் என்று பெரிய மனிதர்களின் பெயர் வைத்த வலயங்கள், ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசை. அந்த நேரம் இலங்கையில் அதைவிடச் சனம் கூடிய ஊர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது, ஊரே இல்லாமல் போனது. நீங்கள் அங்கேதான் ஓடி விளையாடியிருப்பீர்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த சின்ன விசயத்தைச் சொல்லவேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கும் கோப்பி உண்டு. பிரான்சிக்கு அதன் மணமும் சூடும் பிடிக்கும், குடிக்கப் பெரிதாக விருப்பமில்லை. ஆறவிட்டுக் கடைசியில் தொட்டியில் ஊற்றிவிடுவாள். ஒவ்வொரு சதத்தையும் எண்ணும் கேற்றி இதை மட்டும் தடுப்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கும் வீணாக்க ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்பது அவளது எண்ணம்.

மல்லாவியில் எங்கள் வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெயை அம்மா போத்தல் மூடியால் அளந்துதான் விடுவா. சாப்பிட்டு முடிய ஊதிவிட வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் எண்ணெய் முடிந்து தானாக அணையும்வரை எரியவிடுவா. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவ சொன்னதும் இல்லை. நான் அந்த வெளிச்சத்தில் சீனி சுற்றிவந்த பேப்பர்ச் சரையைப் பிரித்து வாசிப்பேன். ஏதாவது தொடர்கதையின் நடுத்துண்டாக இருக்கும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிரான்சி நூலகத்தில் அகர வரிசைப்படி ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வாசித்தாள், நான் சங்கக்கடை கட்டித்தந்த வரிசைப்படி. பக்கம் குறைந்த கதை எனக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மரத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தலைப்பே மரம், எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். நல்லது, நானும் கூடச் சொல்லவில்லை. சீமெந்துக்குள்ளும் முளைக்கிற அந்த மரம் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. அதன் இனத்துச் சொந்தம் ஒன்றைத் தமிழ்நாட்டில் பீநாறி என்பார்கள். நம்பிக்கையின் சின்னம் என்று இந்த மரத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் ஒருதரம் கிட்டப்போய் மணந்து பார்க்கலாம்.

கேற்றியில் உங்களுக்கு வந்த கோபம் சரியான கோபம். அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். மகன் பிறந்தபோதே, இவனில்தான் எனக்குப் பாசம் கூட, மகளுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேற்றி நினைக்கிறாள். மகளுக்குத் தெரிந்துவிடுகிறது. தள்ளிவிட்டால்தான் நீலி பள்ளிக்குப் போவான், பிரான்சி எப்படியாவது வழி தேடிக்கொள்வாள் என்பது அவள் போட்ட கணக்கு. கணக்கு பிழைக்கவில்லை, நியாயமும் இல்லை. ஆசிரியர் கேற்றிக்காக வாதாடவும் இல்லை, அவளைத் தண்டிக்கவும் இல்லை. பெற்றி சிமித்தும் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். பிறகு பல்கலைக்கழக வகுப்பில் போய் உட்கார்ந்து நாடகம் எழுதப் படித்தார். நாவலின் கடைசியில் ஒரு பொலிஸ்காரர் வந்து கேற்றியைக் கலியாணம் செய்து பணக் கஷ்டத்தைத் தீர்த்துவைப்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. எழுதுகிறவருக்கே பிள்ளைகளில் இரக்கம் வந்துவிட்டது போல.

உங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு பொலிஸ்காரர் வரவில்லை. 2022 இல் நின்றேன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். அந்த வருசத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அதற்கு முந்திய வருசம் மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, காலபோக வெள்ளாமை படுத்தது. வரிசையில் நின்றும் எண்ணெய் கிடைக்கவில்லை. ஓகஸ்ட்டில் 87 ரூபாய் விற்ற மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய். வயலுக்கு இறைக்கிற மெசினும் அதில்தான் ஓடுகிறது. இவ்வளவும் உங்கள் கதையில் “நாட்டின் நிலை மோசமானது” என்று மூன்று சொல்லில் முடிந்திருக்கிறது.

ஆனால் ஒரு வசனம் இருக்கிறது. அம்மா குழுக்கடன் காசை நெஸ்ரமோல்ற் ரின்னுக்குள் போட்டு வைப்பா, அதைக் குலுக்கக் கூடாது, சத்தம் கேட்டால் தம்பி ஐஸ்பழம் கேட்பான் என்று. கேற்றியின் உண்டியலும் ரின்தான், அலுமாரி மூலையில் தரையோடு ஆணி அடித்தது. அவளுடையது காணி வாங்கச் சேர்த்தது. உங்கள் அம்மாவுடையது ஒவ்வொரு கிழமையும் காலியாகிறது. உங்கள் கதையை அந்த ரின்னிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். கிழமைக்கு எவ்வளவு போட்டா, எந்த நாளில் கட்டினா, கட்ட முடியாத கிழமையில் எந்த வீட்டுப் படலையைத் தட்டினா. நீங்கள் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறிய நாளில் ரின்னுக்குள் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் அம்மாவைக் கேளுங்கள். அவவுக்குச் சதம் தப்பாமல் ஞாபகம் இருக்கும்.

இனி கரையான் தின்ற பக்கங்கள்.

எட்டாம் வகுப்பு முடியும் நாள். மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பூ வரும், தனக்கு வராது என்று பிரான்சிக்குத் தெரியும். அப்பா செத்து மாதங்களாகிவிட்டன. வகுப்புக்குள் போனால் அவளுடைய மேசையில் சிவப்பு றோசாக்கள். ஆரோ மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறாள். சின்ன அட்டை ஒன்று இருக்கிறது, அதில் அப்பாவின் கையெழுத்து. அவளுக்கென்று எழுதியிருக்கிறார். ஜோனி உயிரோடு இருந்தபோதே அட்டையை எழுதி, பூவுக்குக் காசும் கொடுத்து, தான் மறந்துபோனாலும் என்று பெரியம்மா சிசியிடம் ஒப்படைத்திருந்தார். கையில் வைத்தால் குடித்துவிடுவார் என்று அவருக்கே தெரியும். சிசி அந்த இரண்டு டொலரைத் தொடாமல் வைத்திருந்து வாங்கி அனுப்பியிருக்கிறாள். பிரான்சி பள்ளிக்கூடக் கழிப்பறைக்குள் போய் நின்று அழுகிறாள்.

புத்தகத்தை நீங்களே வைத்திருங்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வெயிலில் ஒருக்கால் காயப் போட்டு, அட்டைக்குள் வேப்பிலை வையுங்கள்.

அன்புடன்,
அக்கா