ஆற்காட்டு நவாப் ஊதாரியா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் சமூக அறிவியல் ஆசிரியை நான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆற்காடு டெல்லி கேட்டுக்கும் வேலூர் கோட்டைக்கும் கூட்டிப்போகிறேன். "நவாப் ஊதாரித்தனமாகச் செலவு செய்தார், அதனால் கிழக்கிந்தியக் கம்பெனி வரிவசூலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது" என்று சொன்னால் போதுமா?

பதில்: போதாது டீச்சர். அது கடன் கொடுத்தவர்கள் சொன்ன கதை.

ஊதாரி என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. நவாப் முகமது அலி வாலாஜா ஆற்காட்டை விட்டுச் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடிபோனவர். தர்பார், பரிவாரம் என்று செலவு கொஞ்சமில்லை. ஆனால் அவரை அழுத்திய பெரிய பாரம் பட்டாளச் செலவு. கம்பெனிப் படை அவருக்காகச் சண்டை போட்டது, கூலி அவர் தலையில் விழுந்தது. கம்பெனிக்குக் கிஸ்தி (தவணைப் பணம்) கட்டும் நாளில் கையில் காசிருக்காது. அப்போது கடன் கொடுத்தது யார் தெரியுமா? அதே கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர்கள்தான், தங்கள் சொந்த லாபத்துக்கு. ஈடாக ஒரு சீமையின் வரப்போகும் வரியையே எழுதி வாங்கிக்கொள்வார்கள். நெல் களத்துமேட்டுக்கு வருமுன்பே அதன் வரி கடன்காரர் கணக்குக்குப் போய்விடும். பால் பென்ஃபீல்டு இதில் பேர்போனவர்.

1781-ல் ஹைதர் அலியுடன் போர் நடந்த நேரம், கவர்னர் மெக்கார்ட்னி நவாபின் வரிவசூல் முழுவதையும் எடுத்துக்கொண்டு ஆறில் ஒரு பங்கை மட்டும் அவர் செலவுக்கு விட்டார். முதல் பெரிய கடிவாளம் அது. 1785-ல் லண்டன் உத்தரவால் வசூல் நவாபிடம் திரும்பியது. கூடவே, கடன்களுக்கென்று ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் (அந்நாளைய தங்கக் காசு) ஒதுக்கச் சொன்னார்கள். எது நிஜக் கடன், எது பொய்க் கடன் என்று விசாரிக்கவே இல்லை! எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார், பலனில்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத இடம் இது.

1792-ல் நவாபும் கம்பெனியும் செய்த உடன்படிக்கையை விளக்க 15 சாக்பீஸும் ஒரு துண்டும் எடுத்துப்போங்கள். ஒவ்வொரு முழு சாக்பீஸும் ஒரு லட்சம் வராகன். 9 பட்டாளத்துக்கு, கடன்காரர்களுக்கு 6-ம் அந்தத் துண்டும் (கடன்காரர் பங்கு சரியாகச் சொன்னால் 6,21,105 வராகன்). ஒரு வராகன் சுமார் மூன்றரை ரூபாய். ஆண்டுதோறும் இவ்வளவும் போன பிறகுதான் நவாப் வீட்டுச் செலவு. பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.

1801-ல் கதை முடிந்தது. முகமது அலிக்குப் பின் நவாபான அவர் மகன் உம்தத்-உல்-உமரா இறந்ததும், உம்தத்தின் மகன் ஒப்புக்கொள்ளாத கம்பெனி நிபந்தனைகளை, உறவினர் அசீம்-உத்-தௌலா ஏற்று நவாபானார். நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்கு, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. 1805-ல்தான் கடன் பத்திரங்களை ஆராய ஒரு கமிஷன் வந்தது. 3 கோடி பவுண்டு வரை கேட்டு வந்த மனுக்களில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம் வேலூர் கோட்டையில் திப்பு மகால் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். 1799-ல் திப்பு போரில் இறந்த பிறகு அவர் குடும்பத்தை இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். அவர்கள் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வராகன் என்று 1799 மைசூர் உடன்படிக்கையிலேயே எழுதியிருந்தது. அதைப் பட்டுவாடா செய்தது கம்பெனி அதிகாரி. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு குடும்பத்தையே கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.