கல்வெட்டில் மஸ்கட், வாசலில் ஒடிசா

கேள்வி: எங்கள் சபையின் புதிய ஆலயப் பணிக்கு ஒப்பந்தக்காரர் வடமாநில ஆட்களையே இறக்கியிருக்கிறார். நம் பையன்களுக்கு வேலை போகிறது. இப்போது ஆயர், அந்த ஆட்களுக்காக ஞாயிறு மாலையில் சபை மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும் என்கிறார். மின்கட்டணத்தை யார் கட்டுவது? சொந்த ஜனங்களை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று வேதம் சொல்லவில்லையா?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: சொல்கிறது, 1 தீமோத்தேயு 5:8. ஆனால் அந்த அதிகாரத்தில் மேலும் கீழும் நாலு வசனம் வாசித்துவிட்டு எழுதியிருக்கலாம். பவுல் அங்கே விதவைகளைப் பற்றிப் பேசுகிறார். பெற்ற தாயையும் பாட்டியையும் சபையின் தலையில் கட்டிவிட்டு நழுவப் பார்க்கும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்து அவர் சொன்ன வார்த்தை அது. அயலானுக்கு மண்டபத்தைப் பூட்டி வைக்க அதில் சாவி கிடையாது.

வேலை போகிறது என்ற உங்கள் மனக்குறையை நான் தள்ளிவிடவில்லை. ஒப்பந்தக்காரர் வெளியூர் ஆட்களைத் தேடிப்போவதற்கு உள்ளூரில் ஆள் கிடைக்காதது ஒரு காரணம் என்றால், அவர்களுக்குக் கூலியைக் குறைத்துக் கொடுக்கலாம் என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை ஒழிக்கும் வழி உபாகமம் 24:14, 15இல் இருக்கிறது: ஏழைக் கூலிக்காரன் உன் சகோதரனானாலும் உன் ஊரிலுள்ள அந்நியனானாலும் அவனை ஒடுக்காதே, பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடு. சகோதரனையும் அந்நியனையும் ஒரே வரியில் நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று உங்கள் கட்டடக் குழு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கட்டும். உள்ளூர்க் கொத்தனாருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பை நீங்கள் செய்துதர முடியாது. குழு அதைக் கேட்டதா? கேட்டிருந்தால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியாவது இருந்திருக்கும்.

நம் பகுதியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்தும் குழித்துறையிலிருந்தும் விடிகாலை பஸ் ஏறி, பாறசாலை கடந்து, திருவனந்தபுரத்தில் கட்டு வேலையும் கையாள் வேலையும் செய்தவர்கள் நம் அப்பன்மார். அங்கே அவர்களுக்கு விழுந்த பெயர் ‘பாண்டி’. இன்று ஒடிசாக்காரன், அசாம்காரன், ஜார்க்கண்டுக்காரன் எல்லாரையும் ‘பெங்காலி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தையும் எல்லைக்கு அப்பாலிருந்துதான் வாங்கி வந்தோம். கேரள அரசு இவர்களை ‘அதிதி தொழிலாளி’ என்கிறது. சொல் அழகுதான், ஆனாலும் விருந்தாளியைச் சாந்து சுமக்க வைப்பது எந்த ஊர் வழக்கமோ!

போன மாதம் ஓர் ஆலயப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தேன். வாசலில் கருங்கல் பலகையில் நன்கொடையாளர் பட்டியல் செதுக்கியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஊர்: மஸ்கட், துபாய், தோஹா, மறுபடியும் மஸ்கட். பெரும்பாலும் பிழைக்கப் போனவர்களின் பணம். அந்தப் பலகையைப் பதித்த மூன்று பையன்கள், சுண்ணாம்புக் கறை போகாத விரல்களோடு, பந்தலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார்கள். ஒப்பந்தக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பையன்களைச் சாப்பிட உட்காரச் சொல்ல ஆளில்லை. ‘அந்நியனுடைய இருதயத்தை அறிந்திருக்கிறீர்களே’ என்று யாத்திராகமம் 23:9 சொல்வது, வீட்டுக்கொருவரை வளைகுடாவுக்கு அனுப்பியிருக்கும் நமக்குப் பொருந்துவதுபோல வேறு யாருக்குப் பொருந்தும்?

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றியது. கொச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய உடல்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் மட்டும் 7 பேர். ஒரே கட்டடத்தில் இத்தனை பேரை அடைக்கலாமா என்று நாம் எல்லாரும் கொதித்தோம். உங்கள் ஆலயத்தைக் கட்டுகிறவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள், அந்தத் தகரக் கொட்டகைக்கு எத்தனை வாசல் என்று ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உழைக்கிறார்கள், ஆகவே வரவேற்போம் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19 கட்டளையிடும்போது, அவனால் உனக்கு என்ன லாபம் என்று கேட்கவில்லை. மயிலாடியில் மகராசன் வேதமாணிக்கமும் அவரைச் சேர்ந்தவர்களும் 1806இல் ரிங்கல்தௌபே என்ற பிரஷ்ய (ஜெர்மானிய) மிஷனரியை ஏற்றுக்கொண்டபோது, அவரால் பின்னாளில் என்ன விளையும் என்று கணக்குப் பார்த்திருக்க வழியில்லை. நம் சபைச் சரித்திரம் அங்கே தொடங்குகிறது.

ஆயருக்கும் ஒரு சொல். ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் சிலர் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருக்கலாம். ராஞ்சியில் ஜெர்மன் மிஷனரிகள் 1845இலேயே ஊழியத்தைத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்கள் வந்து மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து ஊருக்கு போன் பேசிவிட்டுப் போனாலும் போகட்டும். சபையிடம் கூலி வாங்குகிறவனை உட்கார வைத்துப் பிரசங்கம் செய்வது நியாயமில்லை.

மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டட நிதிக் கணக்கில் வெளிநாட்டு நன்கொடை என்று ஒரு தலைப்பு இருக்கும். அதில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மஸ்கட்டில் இருப்பவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.