நமீப் வண்டு எதைக் குடிக்கிறது?

கேள்வி: முத்தையன்கட்டுக் குளத்தில் நீர் குறைந்தாலே எங்கள் மாடுகள் தவித்துப்போகின்றன. மழையே அரிதான பாலைவனத்தில் உயிர்கள் எதைக் குடிக்கின்றன?
– உயர்தர மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: மூடுபனியைக் குடிக்கின்றன, பிள்ளை! ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரையிலுள்ள நமீப் பாலைவனத்தைப் பாரும். அங்கே குளிர்ந்த பெங்குவேலா கடல் நீரோட்டம் தன்மேல் வீசும் ஈரக்காற்றைக் குளிரவைத்து மூடுபனியாக்குகிறது. அந்தப் பனி வரும் வேளையில் ஒருவகைக் கருவண்டு மணல்மேட்டின் உச்சிக்கு ஏறும். தலையைத் தாழ்த்தி, பின்னுடலை உயர்த்தி அசையாமல் நிற்கும். உடலில் படியும் ஈரம் துளியாகத் திரண்டு வாய்க்கு வழியும். முப்பது மாரியும் கோடையும் வன்னியில் புவியியல் படிப்பித்த எனக்கு இதைவிட அழகான பாடம் கிடைத்ததில்லை.

வெல்விட்சியா என்னும் செடியும் அங்கேதான் உண்டு. வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகள்; ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் வாழும்.

1908இல் ரயில் பாதையில் மணல் அள்ளிய சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி அங்கு ஒரு வைரத்தைக் கண்டெடுத்தார். அந்த வைர வேட்டையில் எழுந்த கோல்மன்ஸ்கோப் நகரம் 1956 அளவில் ஆளற்றுப்போனது. இன்று அதன் அறைகளுக்குள் மணல் குவிந்து கிடக்கிறது. ஆளில்லாத வீடு என்ன ஆகும் என்பதை வன்னி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லெவாலாவின் பெயரை மட்டும் உம்முடைய கொப்பியில் எழுதிவையும். வைரத்தால் செல்வந்தரானவர்களின் பெயர்கள் பிறகு வரட்டும்.